அந்த லென்ஸ் எங்கே தூங்கியது?
கேமரா கேள்வி – பதில்

போன இதழில் சேலம் மூக்கனேரி ஏரிப் பறவைகள் படம் நாலு போட்டாலும் போட்டோம், "என்ன கேமரா, பழசு கிடைக்குமா, ஏமாற்றிவிடுவார்களா" என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு இங்கே பதில். விலையும் கடைப் பெயரும் மட்டும் கேட்காதீர்கள். விலை நான் எழுதி அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும், கடைப் பெயர் சொன்னால் அடுத்த மாதம் நீங்கள் என்னைத் தேடி வருவீர்கள்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன், வீடு அஸ்தம்பட்டி. பகுதி நேர வேலை பார்த்து 70,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஏற்காட்டிலும் மூக்கனேரியிலும் பறவைகளைப் படம் எடுக்க ஆசை. நண்பர்கள், "முதலில் நல்ல பாடி வாங்கு, லென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். புதுசா, பழசா?

பதில்: பழசுதான் தம்பி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் நண்பர்கள் சொன்ன வரிசையைத் தலைகீழாக்குங்கள். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, நாலைந்து வருடத்தில் பழங்கதையாகிவிடும், லென்ஸ் அப்படியில்லை. கேனான் 400 எம்எம் எஃப்/5.6 என்று ஒரு லென்ஸ் (எம்எம் கூடினால் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும், எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் வரும்), 1993-ல் வந்தது, நீங்கள் பிறப்பதற்கு முன்னால். இன்றைக்கும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பறக்கிற பருந்தை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கை லென்ஸுக்கு ஒதுக்கிவிட்டு மீதிக்கு என்ன பாடி வருகிறதோ அதை எடுங்கள். ஃபுல் ஃபிரேம் (படம் பதிகிற சென்சார் பெரிதாக இருக்கிற கேமரா) ஆசையெல்லாம் இப்போது வேண்டாம். அதைவிடச் சின்ன க்ராப் சென்சாரில் காட்சி நெருங்கித் தெரியும், நிக்கானுக்கு 1.5 மடங்கு, கேனானுக்கு 1.6 மடங்கு, அதாவது கேனான் க்ராப் பாடியில் 400 எம்எம் போட்டால் ஃபுல் ஃபிரேமில் 640 போட்ட மாதிரி தெரியும். பறவைக்காரனுக்கு இது லாபம்தானே.

நிக்கான் பக்கம் போனால் 2015-ல் வந்த 200-500 எம்எம் எஃப்/5.6. எடை இரண்டே கால் கிலோவுக்கு மேல், கழுத்தில் தொங்கப்போட்டால் சாயங்காலம் தைலம் தேய்க்க ஆள் வேண்டும், ஆனால் படம் அருமையாக வரும். அதற்கு டி7200 பாடி நல்ல ஜோடி. பணம் இடித்தால் டி7100, அது ரா ஃபைலில் (பதப்படுத்தாத மூலப் படம்) தொடர்ந்து எடுத்தால் ஆறேழு படத்திலேயே மூச்சு வாங்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். டி500 கிடைத்தால் நொடிக்கு 10 படம், ஃபோகஸும் வேறு ரகம், ஆனால் அதில் ஒரு பக்கம் எக்ஸ்க்யூடி கார்டு போடுகிற ஸ்லாட், அந்தக் கார்டின் விலையைக் கேட்டுவிட்டு பாடிக்கு அட்வான்ஸ் கொடுங்கள் (எஸ்டி கார்டு போடவும் இடம் இருக்கிறது, பயப்படாதீர்கள்). இன்னொன்று, மாமா வீட்டில் டி90 சும்மா இருக்கிறது, அதில் இந்த 200-500ஐ மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். லென்ஸின் அபெர்ச்சர் (வெளிச்சம் நுழைகிற துளை) மின்சாரத்தில் இயங்குகிற வகை, அந்தப் பழைய பாடிக்கு அதைக் கட்டுப்படுத்தத் தெரியாது.

கேனான் பக்கம் என்றால் மேலே சொன்ன 400-ம், 2014-ல் வந்த 7டி மார்க் 2 பாடியும். அந்த லென்ஸில் ஆட்டத்தைத் தாங்குகிற ஸ்டெபிலைசர் கிடையாது, மூன்றரை மீட்டருக்குள் ஃபோகஸும் ஆகாது. ஆனால் எடை ஒன்றேகால் கிலோதான், பைக்கில் ஏற்காடு போகிற பையனுக்கு இது பெரிய விஷயம். இரண்டுமே எட்டாவிட்டால் டாம்ரான், சிக்மா 150-600 இருக்கின்றன, 600-ல் எஃப்/6.3, இரண்டு கம்பெனிக்கும் போடலாம் (எந்த மவுண்டுக்கு, அதாவது பாடியில் லென்ஸ் மாட்டுகிற வாய்க்கு, செய்தது என்று பார்த்து வாங்க வேண்டும், மாற்றி மாட்ட முடியாது).

இனி ஊர் விஷயம். மூக்கனேரியில் வெட்டவெளி, நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும், ஒன்பது மணி வெயிலில் எஃப்/6.3 லென்ஸே தாராளம். ஏற்காடு அப்படியில்லை. சில்வர் ஓக் நிழல், அதற்குக் கீழே காப்பிச் செடி, ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, போதாததற்குப் பனிமூட்டம். அரசவால் ஈப்பிடிப்பான் வெள்ளை வாலை இழுத்துக்கொண்டு அந்த இருட்டுக்குள் நுழைகிறபோது ஐஎஸ்ஓவை (சென்சாரின் வெளிச்ச உணர்வு) 3200-க்கு ஏற்றினாலும் ஷட்டர் வேகம் 1/250 நொடியைத் தாண்டாத காலை நேரங்கள் உண்டு. எஃப்/6.3-க்கும் 5.6-க்கும் பேப்பரில் சின்ன வித்தியாசம்தான், அந்த நிழலில் நிற்கும்போதுதான் அருமை தெரியும். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் முதலில் ஒரு நல்ல 200-500-ஐப் பிடித்துவிட்டு, பாடிக்குப் பணம் சேரும்வரை யாரிடமாவது இரவல் வாங்குவேன்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறோம். மாமனார் பத்து வருடத்துக்கு முன்பு வாங்கிய 70-300 லென்ஸ் தோல் பையிலேயே பீரோவில் இருந்தது. நான் கற்றுக்கொள்ளலாம் என்று எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்திவலை மாதிரி தெரிகிறது, வெளியே துடைத்தால் போகவில்லை. வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். வேறு பழைய லென்ஸ் வாங்கினால் அதையாவது இந்த ஊர் ஈரத்திலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: அது சிலந்திவலை இல்லையம்மா, பூஞ்சை. முதலில் வெயில் வேலையைச் செய்யாதீர்கள். மூடியைக் கழற்றிய லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி, ஜன்னலோரம் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனால் திரைச்சீலையில் பொட்டு விழும், தீப்பிடிக்கவும் கூடும்.

இந்தப் பூஞ்சையிடம் நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் உங்கள் ஊரிலேயே, ஒரு பழைய பங்களாவில் 300 எம்எம் லென்ஸ் விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு சாயங்காலம் போனேன். வயதானவர், தன்மையான மனிதர், காப்பி கொடுத்து, அந்தக் காலத்தில் வந்த பறவைகளைப் பற்றியெல்லாம் பேசினார். கரண்ட் இல்லை. பையில் டார்ச் இருந்தது. ஆனால் அவ்வளவு பிரியமாகப் பேசுகிறவர் முன்னால் டார்ச்சை எடுத்து லென்ஸுக்குள் அடித்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. லென்ஸ் வெளியே புத்தம் புதுசு, ஒரு கீறல் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு இருட்டில் 20 கொண்டை ஊசி வளைவும் சிரித்துக்கொண்டே இறங்கினேன். மறுநாள் காலை மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால், நடுக் கண்ணாடியில் வெந்தயக்கீரை வேர் மாதிரி கிளை கிளையாக ஓடியிருக்கிறது. ரிப்பேர் செய்கிற பையனிடம் கொண்டுபோனேன், பார்த்துவிட்டு, "அண்ணா, உள்ள தோட்டமே போட்டிருக்காங்க" என்றான். அந்தப் பெரியவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை, பெட்டியைத் திறந்து பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும், அவருக்கே தெரியாது.

உங்கள் லென்ஸை ஒரு நல்ல ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். முன் கண்ணாடியிலோ கடைசிக் கண்ணாடியிலோ இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். நடுவில் இருந்தால் கூலி அதிகம், ஒரு 70-300-க்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். பூஞ்சை நாள்பட்டு கண்ணாடி மேல் பூச்சை அரித்திருந்தால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. கொஞ்சமாக இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது, வெயிலை எதிரே வைத்து எடுக்கும்போதுதான் படம் வெளிறிப் புகை படிந்த மாதிரி வரும். கற்றுக்கொள்ள அதையே வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் விஷயத்தைச் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள்.

அடுத்து, காப்பாற்றுவது. ஐப்பசி கார்த்திகையில் உங்கள் ஊரில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, அந்த ஈரம் முழுவதும் தோல் பைக்குள்ளும் போகும். லென்ஸைப் படுக்கவைக்க மோசமான இடம் தோல் பைதான், அடுத்து மர பீரோ. ரப்பர் பட்டை வைத்து இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா பாத்திரக் கடையில் கிடைக்கும், அதில் சிலிக்கா ஜெல் பை நாலைந்து, ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று, அவ்வளவுதான். மீட்டரில் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. 60-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நீல சிலிக்கா ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் மறுபடி நீலமாகும். அந்த நீலத்துக்குச் சேர்க்கிற கோபால்ட் உப்பு உடம்புக்கு ஆகாது, தாளிக்கிற வாணலியை எடுத்துவிடாதீர்கள், இதற்கென்று பழசு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அரிசி டப்பாவில் புதைத்து வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், தவிட்டுத் தூசி உள்ளே போவதுதான் மிச்சம். வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து நாலு படம் எடுங்கள். வாசலிலேயே செம்மீசைச் சின்னான் வந்து உட்காருகிற ஊரில் இருக்கிறீர்கள், ஆள் தேடி எங்கேயும் போகவேண்டாம்.

கேள்வி: டி500 பாடி ஒன்று வருகிறது. ஷட்டர் கவுண்ட் 1,80,000 என்கிறார். வாங்கலாமா? – ஃபேர்லாண்ட்ஸ் வாசகர்

பதில்: ஷட்டர் கவுண்ட் என்றால் ஷட்டர் இதுவரை எத்தனை தடவை திறந்து மூடியது என்ற கணக்கு. நிக்கான் அந்த ஷட்டரை 2,00,000 தடவை வரை சோதித்ததாகச் சொல்கிறது. அதற்கு அர்த்தம் 2,00,001-ல் உயிர் போய்விடும் என்பதல்ல. மூன்று லட்சம் ஓடியதும் உண்டு, அறுபதாயிரத்தில் நின்றதும் உண்டு. ஷட்டரை மாற்றவும் முடியும், அந்தக் கூலியை விலையில் கழித்துக்கொண்டு தந்தால் வாங்குங்கள். வாயால் சொன்ன கணக்கை நம்பாமல் ஒரிஜினல் ஜேபெக் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள், நிக்கானில் அந்த எண் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் விவரமெல்லாம் உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். கேனானில் இது படத்தில் வராது, கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் வைத்துத்தான் பார்க்க முடியும். ஒன்று கவனித்திருக்கிறேன், எல்லோரும் முதல் கேள்வியாக ஷட்டர் கவுண்டைத்தான் கேட்கிறார்கள், வீட்டில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கல்யாண மண்டபத்தில் தினமும் ஓடி லட்சத்தைத் தொட்ட கேமராவை நான் பயமில்லாமல் வாங்குவேன். 4,000 படம் எடுத்துவிட்டு ஆறு வருடம் அலமாரியில் கிடந்தது என்றால்தான் டார்ச்சைத் தேடுவேன்.

கேள்வி: அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்காரர் ஒருவர் புதிய பேருந்து நிலையத்துக்கு கேனான் 80டி பாடியும் சிக்மா 150-600 லென்ஸும் கொண்டுவருகிறார். கூட வரத் தெரிந்தவர்கள் இல்லை. என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: புடவையில் ஒரு இழை விட்டிருந்தால் தூரத்திலிருந்தே உங்கள் கண்ணில் பட்டுவிடும், அதே கண் போதும். காலையிலேயே வரச் சொல்லுங்கள், விளக்கு வெளிச்சத்தில் பொருள் பார்க்காதீர்கள். டீக்கடை பெஞ்சு இருந்தால் வசதி. உங்கள் மெமரி கார்டு, ஒரு டார்ச், அன்றைய செய்தித்தாள், முடிந்தால் லேப்டாப், இவை போதும்.

முதலில் பொருளைக் கையில் வாங்கி ஒன்றும் பேசாமல் சுற்றிப் பாருங்கள். லென்ஸின் முன் வளையம் ஒரு இடத்தில் நசுங்கியிருந்தால் கீழே விழுந்திருக்கிறது. திருகு தலையில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். பாடியின் ரப்பர் உரிந்திருந்தால் கவலையில்லை, அது ஒட்டிக்கொள்ளலாம். லென்ஸை மாட்டிவிட்டு மெதுவாக முறுக்கிப் பாருங்கள், மவுண்டில் கடகடவென்று ஆட்டம் இருக்கக் கூடாது (மயிரிழை அசைவு சகஜம்).

அடுத்து டார்ச். லென்ஸைக் கழற்றி இரண்டு பக்க மூடியையும் எடுத்துவிடுங்கள். முன்பக்கம் உங்கள் கண், பின்பக்கம் டார்ச், ஆனால் நேராக அடிக்காமல் சாய்த்து அடியுங்கள், நேராக அடித்தால் கண்தான் கூசும். மெல்ல டார்ச்சைச் சுற்றுங்கள், பிறகு ஜூமை 150-லிருந்து 600 வரை திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஒவ்வொரு கண்ணாடியாகக் கண்ணுக்கு வரும். தனித்தனிப் புள்ளி தூசி, எந்தப் பழைய லென்ஸிலும் இருக்கும், விட்டுவிடலாம். கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கண்ணாடியில் ஊதிய மாதிரி மங்கலாக இருந்தால் உள்ளே ஆவி படிந்து கறை கட்டியிருக்கிறது. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே பசை விட ஆரம்பித்திருக்கிறது. தூசியைத் தவிர மற்ற மூன்றில் எது இருந்தாலும், "யோசிச்சுச் சொல்றேங்க" என்று சொல்லி டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். என் மாதிரிக் கூச்சப்படாதீர்கள்.

கண்ணாடி சுத்தமாக இருந்தால் உங்கள் கார்டைப் போட்டு எடுக்க ஆரம்பியுங்கள். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி நேர் எதிரே நின்று ஒரு படம், பெரிதாக்கி நாலு மூலை எழுத்தையும் படியுங்கள். நாலும் ஒரே மாதிரி லேசாக மங்கினால் பரவாயில்லை, மூன்று மூலை தெளிந்து ஒரு மூலை மட்டும் குழம்பியிருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, வேண்டாம். அபெர்ச்சரை எஃப்/16-ல் வைத்து வெறும் வானத்தை ஒன்று, சென்சார் அழுக்கு கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும், அது பெரும்பாலும் துடைத்தால் போகும். மூடியைப் போட்டுக்கொண்டு நீண்ட எக்ஸ்போஷரில் (ஷட்டரை வெகுநேரம் திறந்து வைத்து) ஒன்று, இருட்டில் சிவப்பும் நீலமுமாக மின்னுகிற பழுதான புள்ளிகள் எத்தனை என்று பாருங்கள். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் 600-ல் ஆடிக்கொண்டிருந்த காட்சி ஒரு நொடியில் நிலைத்து நிற்க வேண்டும், அதுதான் ஸ்டெபிலைசர் உயிரோடிருப்பதற்கு அடையாளம்.

அப்புறம் ஃபோகஸ். இதற்கு பஸ் ஸ்டாண்டைவிட நல்ல இடம் கிடையாது, காக்கை இருக்கிறதே. கம்பியில் உட்கார்ந்த காக்கையின் கண்ணில் ஃபோகஸ் வைத்துப் பத்துப் படம், பறக்கும்போது தொடர்ச்சியாக முப்பது படம். கண்ணில் வைத்தது ஒவ்வொரு படத்திலும் வாலுக்கே போனால் ஃபோகஸ் முன்னே பின்னே தள்ளியிருக்கிறது. 80டி பாடியிலேயே அதைத் திருத்துகிற மெனு இருக்கிறது, சிக்மா லென்ஸுக்கு யுஎஸ்பி டாக் என்று தனியாக ஒரு சாதனமும் உண்டு, அதனால் இது ஒன்றுக்காக மட்டும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கண்ணில், ஒன்று வாலில், ஒன்று கம்பியில் என்று கண்டபடி விழுந்தால் விட்டுவிடுங்கள்.

பில், பெட்டி கேளுங்கள். பெட்டியில் இருக்கிற சீரியல் எண்ணும் பொருளில் இருக்கிற எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பில் இல்லாத பொருள் எல்லாம் திருட்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் விற்கிறவர் பெயர் முகவரி எழுதி ஒரு கையெழுத்துப் போட யோசித்தால் நீங்களும் யோசியுங்கள். கடைசியாக, முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன், டீ குடிக்கும்போது சாதாரணமாகக் கேளுங்கள்: "வீட்டில் இதை எங்கே வைத்திருந்தீர்கள்?" டிரை பாக்ஸ் (ஈரம் புகாத பெட்டி), சிலிக்கா ஜெல் என்று பட்டென்று பதில் வந்தால் அவர் பொருளைப் பார்த்துக்கொண்டவர்.

கேள்வி: ஓமலூரிலிருந்து எழுதுகிறேன். என் பழைய லென்ஸை விற்க விளம்பரம் போட்டேன். ராணுவத்தில் இருப்பதாக ஒருவர் பேசி, பேரம்கூடப் பேசாமல் ஒத்துக்கொண்டு, பணம் அனுப்ப ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்து பின் போட்டதும் என் கணக்கிலிருந்து 8,000 போய்விட்டது.

பதில்: உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், இணையக் குற்றப் பணமோசடிக்கான அரசு எண் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு. பேங்கிலும் எழுதிக் கொடுங்கள். மற்றவர்களுக்கு: பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் கேட்டாலே உங்கள் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். ராணுவம், மாற்றலாகிப் போகிறேன், அவசரம், இந்த மூன்றும் ஒரே பேச்சில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். பேரம் பேசாமல் பழைய பொருள் வாங்குகிறவரை நம் ஊரில் நான் பார்த்ததில்லை.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், செவ்வாய்ப்பேட்டை. தோள் வலி, பெரிய லென்ஸ் தூக்க முடியாது. நிக்கான் பி900 கேமரா பழசாக ஒன்று கிடைக்கிறது. பேரன் அது பொம்மை என்கிறான்.

பதில்: பேரனுக்குத் தோள் வலி வரும்போது பேசிக்கொள்ளலாம் சார். பி900 கிட்டத்தட்ட 900 கிராம், 83 மடங்கு ஜூம், 2000 எம்எம் லென்ஸுக்குச் சமமான நெருக்கம். அந்த அளவுக்கு ஒரு லென்ஸ் செய்தால் தூக்க நாலு பேர் வேண்டும். காலை வெயிலில் ஏரிக் கரையில் நின்று நத்தைக்குத்தி நாரையின் அலகு இடுக்கை எடுக்கலாம், பறவையை அடையாளம் காண இதைவிடச் சுகமான கருவி இல்லை. ஆனால் சென்சார் சின்னது, ஏற்காட்டு நிழலுக்குள் போனால் படம் ரவை தூவிய மாதிரி வரும். பறக்கிற பறவையைத் துரத்தவும் கை வராது. ரா ஃபைலும் எடுக்காது. பழசு வாங்கும்போது ஜூமை முழுக்க நீட்டி மடக்கி மோட்டார் சத்தத்தைக் கேளுங்கள், மாவு மில் மாதிரி கரகரத்தால் வேண்டாம். லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா, உள்ளே தூசியோ பூஞ்சையோ போனால் மொத்தமாகப் பிரிக்க வேண்டும்.

கேள்வி: 150-600 லென்ஸுக்கு 2எக்ஸ் கன்வெர்ட்டர் போட்டால் 1200 ஆகிவிடுமே? – ஆத்தூர்

பதில்: ஆகும், லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டுகிற அந்தக் கன்வெர்ட்டர் எம்எம்மை இரட்டிப்பாக்கும், ஆனால் வெளிச்சம் கால் பங்காகும், எஃப்/6.3 என்பது 13-ஐத் தொடும், டிஎஸ்எல்ஆரில் (உள்ளே பிரதிபலிக்கிற கண்ணாடி வைத்த கேமரா) ஆட்டோ ஃபோகஸ் படுத்துவிடும். அந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு பறவைக்குப் பக்கத்தில் போய்ப் பொறுமையாக உட்காருங்கள்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது, இப்போது பழசு வாங்குவது வேஸ்ட் என்று எல்லோரும் மிரர்லெஸ் போகச் சொல்கிறார்கள். – மேட்டூர்

பதில்: எல்லோரும் அந்தக் கண்ணாடி இல்லாத புது வகையான மிரர்லெஸ்ஸுக்குப் போவதால்தான் டிஎஸ்எல்ஆர் விலை இறங்கி நம் கைக்கு வருகிறது, போகட்டும், தடுக்காதீர்கள். உண்மையைச் சொன்னால், புது மிரர்லெஸ் பாடிகள் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிப்பதைப் பார்த்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் இன்றைக்கு நல்ல லென்ஸ் வாங்கினால் பின்னால் பாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கேனானின் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் வைத்து மிரர்லெஸ் ஆர் வரிசை பாடியில் ஆட்டோ ஃபோகஸோடு போடலாம். நிக்கானில் எஃப்டிஇஸட் அடாப்டர், அதில் சொந்த மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபோகஸ் ஆகும், பாடி மோட்டாரை நம்பியிருக்கிற பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் ஆகாது, கையால்தான் திருப்ப வேண்டும். டாம்ரான், சிக்மா என்றால் லென்ஸின் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம், உங்களுடைய லென்ஸையே எடுத்துப் போய் மாட்டிப் பார்த்துவிட்டு அடாப்டருக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: ஸ்கூட்டரில்தான் போவேன், ட்ரைபாட் கொண்டுபோக வழியில்லை. பீன் பேக் தைத்துக்கொள்ளலாம் என்றால் உள்ளே என்ன போடுவது? எங்கள் வீட்டில் ஜவ்வரிசி மூட்டையாகவே இருக்கிறது.

பதில்: சேலத்துக்காரர் என்று கடிதத்தில் தனியாக எழுதவே வேண்டாம். பீன் பேக் நல்ல யோசனை, பாலத்துச் சுவர், பாறை, ஸ்கூட்டர் சீட்டு எதன் மேலும் போட்டு லென்ஸை அமுக்கி வைக்கலாம், 600-லும் ஆடாது. பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டி இரண்டு பக்கமும் தைத்து முக்கால் பங்கு நிரப்பினால் போதும், முழுக்க அடைத்தால் கல் மாதிரி ஆகி லென்ஸ் உருளும். ஜவ்வரிசியை நானும் போட்டுப் பார்த்தவன்தான். ஏற்காட்டில் பகோடா பாயிண்ட் பக்கம் ஒரு மழையில் நனைந்து, வீட்டுக்கு வந்து பிரித்தால் பாதி கஞ்சி. கொண்டைக்கடலை போடுங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டுவிட்டு ஜீன்ஸை ஜிப் வைத்துத் தைத்தால் மாதம் ஒரு தடவை எடுத்துக் காயவைக்கவும் வசதி.